பெயர் வெட்டிய ஊர்கள்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்துதான் நடக்கிறார்கள். விமானம் அப்படி இழுக்கிறது. நான் இந்த முறை சுவரை ஒட்டியே நடந்தேன். கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தாலும் அதைக் கல்லில் வெட்டச் சொன்னவன் இராசராசன். தான் கொடுத்தது, அக்காள் கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று எதையும் விடவில்லை. திருச்சுற்றுச் சுவரின் வெளிப்பக்கம் இருக்கும் ஒரு நீண்ட கல்வெட்டில் நானூறு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. தளிச்சேரிப் பெண்டுகள். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து ஆடவும் பாடவும் இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள்.

பெயரோடு அந்தப் பட்டியல் நிற்பதில்லை. எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், இப்போது எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு எல்லாம் உண்டு. தென்சிறகின் தலைவீட்டில் நக்கன் சேரமங்கை. அடுத்த வீட்டில் இன்னொரு நக்கன். திருவையாறு, திருவாரூர், பழையாறு, நாகப்பட்டினம் என்று ஊர்கள் மாறி மாறி வருகின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதே கல்வெட்டில் நட்டுவனார், பாடுவோர், தையற்காரர், கணக்கர், இராசராசப் பெருநாவிசன் என்று பட்டம் பெற்ற நாவிதர் வரை வருகிறார்கள். பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ என்ன செய்வது என்றும் எழுதியிருக்கிறது. நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரை வைத்துச் செய்விக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு தெருவின் வீட்டு வரிசை நம் கையில் இருக்கிறது. என் பாட்டனார் பிறந்த தெருவைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது.

அதே கோயிலின் வேறு கல்வெட்டுகளில், நெல் அளக்க வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கு வருகிறது. அங்கே வரி நீக்கிய நிலங்கள் என்று ஊர்நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. சேரிக்கு அளவு உண்டு. அங்கே இருந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நானூறு பேருக்கும் பங்காகப் போன நெல்லை விளைவித்தவர்கள் அந்தச் சேரிக்காரர்களாகவும் இருந்திருக்க வேண்டும்.

காவிரிப் படுகையின் சின்ன ஊர்களில் எழுபது எண்பது வருடம் ஒரே தெருவில் இருந்து மறைந்தவர்களை அந்த ஊர் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்று பார்க்கத்தான் கிளம்பினேன். அமெரிக்காவின் நடு மாகாணச் சிற்றூர் மயானங்களில் கல்லறைக் கல்லே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915-இல், இல்லினாய்ப் பக்கத்துக் கற்பனை ஊர் ஒன்றின் மயானத்தில் கிடப்பவர்களை ஒவ்வொருவராகப் பேசவைத்து ஒரு கவிதைப் புத்தகமே போட்டார். நம் பக்கம் பெரும்பாலோரை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிடுகிறோம். பேசுவதற்குக் கல் கிடையாது. ஆகவே வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

திருவையாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது வைகாசி அமாவாசை. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் தோண்டிய ஊற்றும் படியோரக் குழாயும்தான். ஆனாலும் புஷ்ய மண்டபப் படித்துறையில் கூட்டம். தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தவர்களிடம் ஐயர், "அப்பா பேரு? தாத்தா பேரு? அவருக்கு அப்பா?" என்று கேட்டுக்கொண்டே போனார். முதல் பெயர் கணீரென்று வந்தது. இரண்டாவது கொஞ்சம் தயங்கியது. மூன்றாவதற்கு முக்கால்வாசிப் பேர் செல்போனை எடுத்தார்கள். "அம்மா, தாத்தாவோட அப்பா பேரு என்னம்மா? சீக்கிரம் சொல்லு, ஐயர் நிக்கிறாரு." எதிர்முனையில் அம்மா யாரிடமோ கேட்கப் போகிறாள்; படித்துறையில் எள்ளும் தண்ணீரும் உள்ளங்கையில் காத்திருக்கின்றன. ஒருவருக்குப் பதில் வரவேயில்லை. ஐயர் ஒரு சாமி பெயரைப் போட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். மூன்று தலைமுறைதான் கணக்கு. மகன் இறந்து அந்த வரிசையில் சேர்ந்ததும் கொள்ளுத்தாத்தா விலகிவிடுகிறார். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு: எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் தவணை ஒன்றுதான்.

கொஞ்சம் தள்ளிச் சங்கீத மேதை தியாகராசரின் சமாதி. 1847-இல் அவர் மறைந்த பிறகு அந்த இடம் சிதைந்து கிடந்தது. 1920-களில் அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்தவர். தன் சொத்தைக் கொட்டி நிலம் வாங்கிக் கட்டினார். ஆனால் ஆண்டுதோறும் அங்கே நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் எல்லாம் ஒன்றானது. 1952-இல் அவர் மறைந்ததும் குருவுக்கு எதிரிலேயே சமாதி வைத்தார்கள். அவர் சிலை கைகூப்பியபடி தியாகராசரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் போன நேரத்தில் சந்நிதியில் பத்துப் பேர், நாகரத்தினம்மாளிடம் யாருமில்லை. தளிச்சேரிப் பட்டியலில் நானூற்றொன்றாவதாக இவரைச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டு எண்ணுக்குப் பதிலாக ஆற்றங்கரை என்று எழுதிவிடலாம்.

கிழக்கே கும்பகோணம் சாலையில் ஐயம்பேட்டை, பாபநாசம் என்று வரிசையாகக் கடைத்தெருக்கள். சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலி. இந்தச் சுவரொட்டிகளை நின்று படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. சிவலோக பதவி, வைகுண்ட பதவி, இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரை, காலமானார். எந்த வார்த்தை என்பதிலேயே எந்தத் தெரு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இறந்தவரின் பள்ளிக்கூடப் பெயர் பெரிதாக இருக்கும். அந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. அதனால் 'என்கிற' போட்டுக் கூப்பிடும் பெயரையும் சேர்ப்பார்கள். 'டெய்லர்', 'டீக்கடை', 'மணியம்', 'கண்டக்டர்' என்று தொழில் பெயரோடு ஒட்டி நிற்கும். கீழே வருந்தும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள். பேரன் பெயருக்குப் பக்கத்தில் சிங்கப்பூர், இன்னொருவனுக்குத் துபாய், மற்றொருத்திக்குச் சென்னை. ஒரு குடும்பம் எங்கெங்கே சிதறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. படம் பெரும்பாலும் கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கும். தோளில் யாரோ ஒருவரின் கை மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஃப்ளெக்ஸ் கலாசாரத்தைத் திட்டாத பத்திரிகைக்காரர் இல்லை. அரசியல்வாதிகளின் பேனருக்கு அது தகும். இந்தச் சாவுச் சுவரொட்டி விஷயத்தில் நான் கட்சி மாறிவிட்டேன். நடவுக்குப் போன கிழவியின் பெயரும் முகமும் ஊர் மத்தியில் எழுதி ஒட்டப்படுவது இந்த நாட்டில் முப்பது நாற்பது வருடப் பழக்கம்தான். அதற்கு முன்னால் அப்படி எழுதப்பட்டவர்கள் பெரும்பாலும் ஓர் அரசனோ ஒரு மிராசுதாரோ ஒரு மடாதிபதியோதான். கருமாதி வரை தாங்கினால் போதும். அதற்குள் ஆடு பசையோடு சேர்த்துத் தின்றாலும் குடும்பத்துக்கு வருத்தமில்லை.

பாபநாசத்துக்குத் தெற்கே உத்தமதானபுரம். 1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையரின் சொந்த ஊர். அவர் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. ஏகாதசியன்று தாம்பூலம் போட்டுவிட்ட தஞ்சை அரசர் ஒருவர், அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக நாற்பத்தெட்டு வீடுகளும் இருபத்துநான்கு கிணறுகளும் கொண்ட அக்கிரகாரத்தைக் கட்டித் தானம் கொடுத்ததாக ஊர்க்கதை. அதை நமக்குச் சொன்னவரும் சாமிநாதையரே. சங்க நூல்களை அச்சேற்றியதற்காக அவரைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் 1940-இலிருந்து ஆனந்த விகடனில் எழுதிவந்து, 1942-இல் மறைந்ததால் முடியாமலே நின்ற 'என் சரித்திர'த்தை நான் வேறொரு காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். சின்ன ஊர்களில் வாழ்ந்து மறைந்தவர்களுக்குத் தமிழில் அதைப்போல் ஒரு புத்தகம் இல்லை. அரியலூரில் தமிழ் ருசி காட்டிய சடகோபையங்கார், திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்கள், கதை கேட்க வந்தவர்கள், ஒரு வேளைச் சோறு போட்டு ஊரில் தங்கவைத்த கனவான்கள். இவர்களில் பலரைப் பற்றி வேறு எங்கும் ஒரு வரி கிடைக்காது. தமக்கு உதவியவர்களை மறந்துவிடக் கூடாது என்ற பயம் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஓலைச்சுவடிகளைத் தேடிய அதே கைதான் இந்த மனிதர்களையும் தேடி எடுத்தது. குறை ஒன்று உண்டு: அவர் கால் அக்கிரகாரத்தையும் பிள்ளைமார் தெருவையும் தாண்டி அதிகம் போகவில்லை.

அருகில் வலங்கைமான். இங்கே மாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக் காவடி. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் வேண்டுதலாகப் பாடையில் படுப்பார்கள். கையைக் காலைக் கட்டி, மாலை போட்டு, பறை முழங்க, முன்னால் கொள்ளிச் சட்டியோடு உறவினர் நடக்க, நாலு பேர் தூக்கிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். நான் போனது திருவிழா இல்லாத நாள். கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். தானே ஒரு முறை படுத்திருப்பதாகச் சொன்னார். என்ன தோன்றியது என்றேன்.

"வெயிலு. வேறென்ன தோணும்? கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தேன். எங்க நாத்தனா மட்டும் நெசமாவே அழுதா. அப்பத்தான் தெரிஞ்சுது, அவ அப்படியொண்ணும் மோசமில்லேன்னு."

கும்பகோணத்துக்கு முன்னால் பட்டீசுவரம் பக்கத்தில் பஞ்சவன்மாதேவீச்சரம். இராசராசனின் மகன் இராசேந்திரன் தன் சிற்றன்னைக்காக எடுப்பித்த பள்ளிப்படை. கங்கை வரை படை அனுப்பியவன், பெறாத தாய் ஒருத்தியை நினைத்துக் கட்டிய சின்னக் கோயில். அரசிக்குப் பள்ளிப்படை இருந்தது போலச் சாதாரணப் பெண்ணுக்கும் ஒன்று இருந்தது: சுமைதாங்கி. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் பெயரால் சாலையோரம் இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் கிடத்துவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். அவள் இறக்காமல் போன சுமையை ஊர் இறக்கி வைக்கட்டும் என்ற எண்ணம். இப்போது தலையில் சுமையோடு யாரும் நடப்பதில்லை. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்த்துப் போடுவதும் அதைத்தான்.

கும்பகோணத்தில் எல்லோரும் பார்க்கிற வீடு சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருக்கிற கணித மேதை இராமானுசன் வீடு. பார்த்தேன். எனக்கு அங்கே அதிக வேலை இருக்கவில்லை. மேதைகளை நினைவு வைத்துக்கொள்ள உலகமே இருக்கிறது. நான் நேரம் செலவழித்தது ஒரு பழைய பித்தளைக் கடையில். பாத்திரத்துக்குப் பெயர் போன ஊர் இது. புதுப் பாத்திரக் கடைகளுக்குப் பின்னால் சந்துகளில் பழையதை எடைக்கு வாங்கும் கடைகள் உண்டு. அண்டா, தவலை, கங்காளம், செம்பு, பன்னீர்ச் சொம்பு என்று கூரை வரை அடுக்கியிருந்தது. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. புள்ளி புள்ளியாக, ஊரின் முதலெழுத்து, தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு ஒரு பெண்ணின் பெயர். சிலவற்றில் கல்யாணத் தேதி.

ஓர் அண்டாவைக் கடைப் பையன் திருப்பிப் போட்டான். விளிம்புக்குக் கீழே ஒரு பெயர்; தேய்ந்து பாதி மறைந்திருந்தது. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இன்னொரு பெயர். அதற்கும் கீழே, எலெக்ட்ரிக் ஊசியால் வெட்டிய பளிச்சென்ற மூன்றாவது பெயர். மூன்றும் பெண்கள். பாட்டி தன் மகளுக்குச் சீராகக் கொடுத்து, அவள் தன் மகளுக்குக் கொடுத்திருக்கிறாள். மூன்றாமவள் எடைக்குப் போட்டிருக்கிறாள். படித்துறையில் முதலில் கேட்கிற அப்பன் வழிப் பெயர்களுக்குச் செல்போன் தேவைப்பட்டது. அம்மா வழி இங்கே பித்தளையில் தெளிவாக இருந்தது. நெல் அவித்த புகை அடியில் கரியாகப் படிந்திருந்தது. புழுங்கலுக்கு நெல் அவிக்கிற வீடு இப்போது எங்கே இருக்கிறது? எல்லாம் ரைஸ் மில்லுக்குப் போயாயிற்று. அண்டாவுக்கு வீட்டில் வேலை போன பிறகுதான் அது கடைக்கு வந்திருக்கிறது.

"பேரு இருந்தா விலை குறையுமா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"எடைதாங்க கணக்கு. உருக்கினா எல்லாப் பேரும் ஒண்ணுதான்," என்றார். பிறகு ஏனோ, "எங்க அம்மா பேரு போட்ட தவலை மட்டும் வீட்ல கெடக்கு. அதை எடுத்துட்டு வரல," என்று சேர்த்துக்கொண்டார்.

அங்கிருந்து தென்கிழக்கே திருவாரூர். கமலாலயத்தையும் ஆழித் தேரையும் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கீழ்வெண்மணிக்குப் போக அவசரப்பட்டேன்.

1968 டிசம்பர் 25 இரவு. அந்தச் சேரியின் விவசாயக் கூலிகள், கூலியாக அளக்கும் நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டார்கள். செங்கொடிச் சங்கத்தில் இருந்தார்கள். தாக்குதலுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்தவர்களை, மிராசுதார் தரப்பினர் வெளியே பூட்டித் தீ வைத்தார்கள். நாற்பத்துநான்கு பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்க்கோர்ட்டில் மிராசுதார்களுக்குத் தண்டனை கிடைத்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நிலமும் காரும் கௌரவமும் உள்ளவர்கள் தாமே நடந்துபோய் இதைச் செய்திருப்பார்கள் என்று நம்பக் கடினம் என்ற தொனி அந்தத் தீர்ப்பில் இருந்தது. இன்று படித்தாலும் அந்தக் கார் தொண்டையில் சிக்குகிறது.

நினைவிடத்தில் நாற்பத்துநான்கு பெயர்களும் கல்லில் இருக்கின்றன. ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்து வருகிறார்கள். நான் உரக்கப் படித்தேன்; அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் என் உச்சரிப்பை ஓரிடத்தில் திருத்தினார். அப்படிக் கூப்பிட மாட்டார்களாம். வீட்டுப் பெயர் வேறு. சேரிக்கு ஆயிரம் வருடம் அளவு மட்டுமே இருந்த இந்த நாட்டில், கல்லில் பெயர் ஏற உயிரோடு எரிய வேண்டியிருந்தது. உயிரோடிருந்தவர்களுக்குக் குடியிருந்த மனை சொந்தம் என்ற உரிமை வந்ததே 1971-இல், குடியிருப்புச் சட்டத்தால்தான். அதுவரை மிராசுதார் போகச் சொன்னால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தளிச்சேரியில் 'இத்தனையாவது வீடு' என்று எழுதியதற்கும் இதற்கும் நடுவே எவ்வளவு காலம் என்று கணக்குப் போட எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 25 தோறும் இங்கே ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். மற்ற நாட்களில் இது சாதாரண ஊர். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். என் உச்சரிப்பைத் திருத்தியவர் பேச்சுவாக்கில், தீக்குத் தப்பி அப்புறம் வயதாகி இறந்த தன் உறவுக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அறுவடைக் காலத்தில் கட்டு தூக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். மீன் குழம்பு என்றால் உயிரை விடுவாராம். அவர் பெயர் கல்லில் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை வந்து நிற்கிற கூட்டத்துக்கு அவரைத் தெரியவும் தெரியாது.

திருத்துறைப்பூண்டியில் பி.சீனிவாசராவுக்கு நினைவிடம் இருக்கிறது. கன்னடத்துக்காரர், 1940-களில் கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பி வந்து, பண்ணையாட்களோடு தங்கி, அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். சாட்டையடியும் சாணிப்பால் புகட்டும் தண்டனையும் ஒழிந்தது அந்தப் போராட்டத்தில்தான். 1961-இல் மறைந்தார். வெளியூர்க்காரரை இந்த ஊர் தன் ஆளாகவே வைத்துக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து ஆதிரங்கம். நெல் செயராமனின் ஊர்ப்பக்கம். இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வாரின் வழியில் நடந்து, 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்து, 2018 டிசம்பரில் மறைந்தார். நெல் திருவிழாவில் அவர் வைத்த விதி: இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவருக்குப் பிறகும் திருவிழா நடக்கிறது. ஊர் பெயரின் முதலெழுத்தும் அப்பா பெயரின் முதலெழுத்தும் போய், ஒரு தானியத்தின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்ட மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பூங்கார், காட்டுயானம், குடவாழை என்று தன் சின்ன வயதில் போட்டதையெல்லாம் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்குப் பூங்கார்க் கஞ்சிதான் கொடுப்பார்களாம். இதற்கெல்லாம் யார் பெயர் வைத்தது என்று கேட்டேன்.

"யாரு வச்சான்னு யாருக்குத் தெரியும் தம்பி? காட்டுயானம்னா உள்ள யானை நின்னாலும் தெரியாது, அம்புட்டு ஒசரம். பாத்தவன் வச்சிருப்பான்."

"இப்ப போடறீங்களா ஐயா?"

"அரை ஏக்கர். மகன் வேண்டாங்கறான், சாஞ்சிரும்ங்கறான். பன்னெண்டாந் தேதி மேட்டூர் தெறக்கறாங்களாமே, கேள்விப்பட்டீங்களா? தண்ணி இங்க வந்து சேர பத்து நாளாவது ஆவும். அதுக்குள்ள இந்த வாய்க்காலை வெட்டணும். நாலு ஆளு சொல்லி வச்சிருக்கேன், ரெண்டு பேருதான் வர்றேங்கறான்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற இரண்டு பேரைத் தேடி எழுந்தார்.